கார் இல்லாத தீவைச் சைக்கிளில் சுற்ற: மணிமுத்தாறு வழிகாட்டி

முதலில் ஒரு கார் வாங்குங்கள். கார் புழங்காத ஓரிடத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. பின்பக்கம் சைக்கிள் மாட்டும் கொக்கி உள்ள வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். சைக்கிள் எப்படி இருந்தாலும் பரவாயில்லை; விலையைக் கேட்டவர் மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு மூச்சில்லாமல் நிற்க வேண்டும். சென்னையிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நாலுவழிச் சாலையில் அந்தச் சைக்கிள் சவாரி செய்து வரும். பிறகு ஏழெட்டு கிலோமீட்டர் நீங்கள் அதன்மேல் சவாரி செய்வீர்கள். கணக்கு நேராகிவிடும்.

இந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரிந்ததுதான். ராத்திரி தூக்கம் வராமல் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஒரு தீவு வருகிறது. வெள்ளைத் தொப்பி போட்ட பெண் சைக்கிளில் போகிறாள். முன்னால் கூடை, கூடையில் பூ, பூவுக்கு அந்தப் பக்கம் கடல். ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. அதே நேரத்தில் உங்கள் வாசலில் யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கிறார்கள், அது பாட்டுப் பாடுகிறது. அடுத்த லீவுக்கு நமக்கும் ஒரு தீவு வேண்டும் என்று அப்போதே முடிவாகிறது.

தீவைத் தேர்ந்தெடுத்தல்

அப்படித் தீவுகள் இருக்கத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் ஹியூரான் ஏரியில் மெக்கினாக் என்று ஒன்று. 1898-லேயே அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள். இன்றைக்கும் தீவைச் சுற்றி ஓடும் எட்டு மைல் ரோட்டில், ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகளைத் தவிர, சைக்கிளும் குதிரையும் நடையும்தான். சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வந்த தடை என்று நினைத்துப் பூரித்துவிட வேண்டாம். அந்தக் காலத்து மோட்டார் வண்டி போட்ட சத்தத்தில் குதிரைகள் மிரண்டன. வண்டிக்காரர்கள் போய்ப் புகார் சொன்னார்கள். ஊர் நிர்வாகம் தடை போட்டது. சைக்கிள்காரருக்குக் கிடைத்தது குதிரைக்காரர் போட்ட சண்டையின் மிச்சம். சீஷெல்ஸில் லா டீக் என்று இன்னொன்று இருக்கிறது. அங்கேயும் சைக்கிள்தான் பிரதானம். விமானக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

நம் பக்கம் தேடினால் சங்கடம்தான். ராமேசுவரம் அசல் தீவு, ஆனால் 1988-ல் பாம்பனில் சாலைப் பாலம் திறந்ததிலிருந்து கார் கடல்மேலேயே வந்து போகிறது. ஸ்ரீரங்கமும் இரண்டு ஆற்றுக்கு நடுவில் கிடக்கிற தீவுதானே என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்; வைகுண்ட ஏகாதசி அன்று வண்டி நிறுத்த இடம் தேடியவர்கள் அடிக்க வருவார்கள். பாஸ்போர்ட் இருந்தால் இலங்கையின் நெடுந்தீவு. குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், தன்போக்கில் திரியும் குதிரைகள், அடி பெருத்த ஒரு பெருக்கமரம் என்று பார்க்க எவ்வளவோ உண்டு. ஆட்டோவும் உண்டு. மகாராஷ்டிரத்து மாத்தேரான் தீவல்ல, மலை. ஆனாலும் வெளியூர் வண்டிகளைத் தஸ்தூரி என்ற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் பெரும்பாலும் நடை, குதிரை, 1907-ல் ஓட ஆரம்பித்த குட்டி ரயில்.

இத்தனை தூரம் எதற்கு? திருநெல்வேலிச் சீமையிலேயே ஒன்று இருக்கிறது. மணிமுத்தாறு.

மணிமுத்தாறு எப்போது தீவாயிற்று என்று கேட்பீர்கள். வரைபடத்தை எடுத்துக் கொஞ்சம் தாராள மனசோடு பாருங்கள். வடக்கே தாமிரபரணி. மேற்கே மலையடியில் அணைத் தண்ணீர். அணையிலிருந்து இறங்குகிற மணிமுத்தாறு ஆலடியூர்ப் பக்கமாகப் போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. அணையின் பிரதானக் கால்வாய் நாங்குநேரி, திசையன்விளை என்று தென்கிழக்கே வறண்ட பூமியைப் பார்த்துப் போகிறது. ஊடே கன்னடியன் கால்வாய், பெருங்கால், ஏகப்பட்ட குளங்கள். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிறதா என்றால் இருக்கிறது. சித்திரை வைகாசியில் இருக்காது. பிரதானக் கால்வாயின் நாலாவது ரீச் கடைமடை விவசாயியைக் கேட்டால் எந்த மாசமும் இருக்காது என்பார். அந்த வழக்கு வேறு.

தீவு கிடைத்துவிட்டது. கார் இல்லாமல் இருக்க வேண்டுமே? அதற்கு வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. அங்கே பிறகு போவோம்.

சைக்கிளும் உடுப்பும்

உடம்போடு ஒட்டிய கால்சட்டை, முதுகில் மூன்று பை வைத்த பளபளப்பான பனியன், காளான் வடிவத் தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி. இதையெல்லாம் போட்டுக்கொண்டு கல்லிடைக்குறிச்சித் தெருவில் இறங்கினால் பையன்கள் பின்னாலேயே வருவார்கள். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காததுமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். கவலைப்படாதீர்கள், அது மரியாதைதான். உங்களைத் தாண்டி ஒருவர் போவார். சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். கேரியரில் இரண்டு கட்டுப் புல், பாரில் மண்வெட்டி. வயது எழுபது இருக்கலாம். அவரை முந்தப் பார்க்காதீர்கள். முந்த முடியாது என்பது பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மூட்டுக்கு நல்லது.

இந்தப் பள்ளத்தாக்கு சைக்கிளுக்குப் புதிது இல்லை. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்து நீர்வீழ்ச்சியை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்தார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் அதற்கு இயங்கு சக்தி. சைக்கிள் சாமானியன் கைக்கு எட்டிய காலத்தில், ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு டிபன் தூக்கு ஆடஆடச் சைக்கிளில் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அம்பாசமுத்திரத்தில் உங்களுக்குக் காபி ஆற்றுகிறார்கள். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ரோட்டைப் பாருங்கள். ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் வரிசையாகச் சைக்கிள் வரும். 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று அரசு ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும் என்று விரித்த விலையில்லாச் சைக்கிள். ரெட்டைச் சடை போட்ட பிள்ளைகள் மூன்று பேர் ரோட்டை அடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கைப்பிடியில் ஒரு கை மட்டும் வைத்துப் போவார்கள். நீங்கள் மணி அடிப்பீர்கள். விலகமாட்டார்கள். ஊர் அவர்களுடையது.

வாடகைக்குச் சைக்கிள் எடுக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட ‘அவர் சைக்கிள்’ கடை, நோட்டில் பெயரும் அப்பா பெயரும் எழுதிக்கொண்டு அரை சைக்கிளை உருட்டிவிட்ட அந்தக் கடை, எப்போதோ செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறி, அதுவும் மாறிவிட்டது. யாராவது தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிற சைக்கிளைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பிடிக்காது. பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும். இந்த வழிகாட்டியின் சிபாரிசு அதுதான். காரணம் கொஞ்சம் தள்ளி வரும்.

பருவம்

ஆனியிலும் ஆடியிலும் வாருங்கள் என்று சுற்றுலாக் கையேடு சொல்லும். மேற்கே சாரல், வானம் மூடாப்பு, வெயில் தெரியாது. எல்லாம் உண்மை. கையேடு எழுதியவர் காரில் வந்து போயிருப்பார். சைக்கிளில் வருகிறவர் அறிய வேண்டியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்குகளில் புகுந்து இந்தச் சமவெளிமேல் அறைகிற மாதங்கள் அவை. அம்மி பறக்கும் என்று சொல்லிவைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு தென்மேற்கே இருக்கிறது. அதாவது போகிறபோது காற்று உங்கள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மிதிப்பீர்கள், பனைமரம் நகராது. திரும்புகிறபோது அதே காற்று முதுகைத் தள்ளி, மிதிக்காமலே கொண்டுவந்து விடும். ஆகவே முதலில் திரும்பி வந்துவிட்டு அப்புறம் போவது உத்தமம்.

ஐப்பசி கார்த்திகையில் மழை. பாபநாசம் அணைக்கு இரண்டு பருவமழையும் உதவும். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற அணை. மேலே ஊத்து, நாலுமுக்கு எஸ்டேட்டுகளில் அந்த மாதங்களில் கொட்டுகிற மழை, தமிழ்நாட்டு மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்குப் போய்விடும். அணையில் 118 அடி வந்தால் நிறைவு. அது நிறைந்ததா என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் பார்க்கிற பழக்கம் நெல்லைக்காரருக்கு உண்டு. மற்ற ஊர்க்காரர் தங்கம் விலை பார்க்கிற மாதிரி. அந்த நாட்களில் சைக்கிள் என்ன, உங்களையே உள்ளே விடமாட்டார்கள். அருவிக்குத் தடை போட்டிருப்பார்கள். தடையை மீறிப் பாறைமேல் நின்று படமெடுக்க நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்; கேலிக்கும் ஓர் எல்லை உண்டு.

தையும் மாசியும் பரவாயில்லை. பனி இருக்கும், குளத்தில் தண்ணீர் கிடக்கும், தண்ணீரில் பறவை கிடக்கும். பொங்கலை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்காரர்கள் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு செய்கிறார்கள். கையில் தொலைநோக்கியோடு குளத்தங்கரையில் நிற்பவரைப் பார்த்து மீன் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

வழி

காரைக் கல்லிடைக்குறிச்சியில் விடுங்கள். திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் இந்த ஊரில் நிற்கிறது என்பதும் காரே இல்லாமல் இங்கே வந்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் உங்கள் கண்ணில் படும். பரவாயில்லை, ஸ்டேஷன் மரநிழலில் வண்டி குளுகுளுவென்று நிற்கட்டும்.

அப்பளம் இந்த ஊர்த் தொழில். வெயில் ஏறிவிட்டால் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் வட்டவட்டமாகக் காயும். இரண்டு கட்டு வாங்கிக் கேரியரில் வைத்தால், மணிமுத்தாறு போய்ச் சேர்வதற்குள் ரோடு அதைத் தூளாக்கித் தரும். திரும்பி வருகிறபோது வாங்குங்கள்.

ஊரைத் தாண்டினால் வயல். தார் ரோட்டிலேயே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கால்வாய்க் கரை இருக்கிறது. தாமிரபரணிமேல் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கும் பழசு. அந்த ஏழில் ஒன்று கன்னடியன். அதிலிருந்து பிரிகிற கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஊர் ஊராக நனைத்துக்கொண்டு போகிறது. அதன் கரையில் கார் போகாது. போனாலும் எதிரே ஓர் எருமை வந்தால் பின்னால் எடுக்க வழி கிடையாது. மண் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வரப்பு. துவைக்கிற கல்லில் பெண்கள் சேலையை அடித்துக்கொண்டிருப்பார்கள், அந்த இடத்தில் மணி அடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு கடக்க வேண்டும். நீங்கள் தேடி வந்த கார் இல்லாத சைக்கிள் பாதை இதுதான். இங்கே எந்தப் பலகையும் இல்லை, கட்டணமும் இல்லை. அதனால் இதைப் பார்த்த திருப்தி உங்களுக்கு வராது; ரோட்டுக்கே திரும்புங்கள்.

உடைமுள் குத்துவது இங்கேதான். பஞ்சர் கடைகள் இன்னும் இருக்கின்றன. புளியமரத்தடியில் ஒரு பழைய டயர் தொங்கினால் அது கடை. பிளாஸ்டிக் டப்பாவில் கலங்கின தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன், சுத்தியல். கடைக்காரர் வெளிநாட்டுச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். டயரை அமுக்குவார். வால்வைப் பார்ப்பார். அது ஈர்க்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தன் பம்பு வாயை அதில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்வார்.

“சார், இதுக்குக் காத்து எதுவழியா அடிக்க?”

அதற்குத் தனிப் பம்பு உண்டு. அது காரில் இருக்கிறது. கார் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. திண்ணைச் சைக்கிளை ஏன் சிபாரிசு செய்தேன் என்பது இப்போது தெரியும். அந்தச் சைக்கிள் என்றால் டியூபை உருவி, காற்றடித்து, டப்பாத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்புவார். ஓரிடத்தில் முத்து முத்தாகக் குமிழி வரும். அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டே துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து, பழைய டியூபிலிருந்து வெட்டின துண்டை ஒட்டிச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். அதோடு விடமாட்டார். டயருக்குள் விரலை விட்டு மெதுவாக ஒரு சுற்றுத் தடவி முள்ளை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைப்பார். “இத எடுக்காம ஓட்டுனா மறுபடியும் ஏறும்லா.” பஞ்சர் ஒட்டுவதில் கெட்டிக்காரர் யார் என்பது அந்தத் தடவலில்தான் இருக்கிறது.

அடுத்து சிங்கம்பட்டிகள். ஜமீன் சிங்கம்பட்டி ஒன்று, அயன் சிங்கம்பட்டி ஒன்று. இந்த ஜமீனின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் மறைந்தார். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் உட்கார்ந்து அவர் காட்சி கொடுத்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஜமீன்தான், நீங்கள் இன்று போய் முட்டப்போகிற செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அணை வந்துவிட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1950-களின் பிற்பாதியில், கடலில் வீணாகப் போகிற வெள்ளத்தைப் பிடித்து வானம் பார்த்த பூமிக்குத் திருப்பக் கட்டியது. கரை நீளமோ நீளம். அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டே மலையைப் பார்த்தால் மெக்கினாக்கையே மறந்துவிடலாம் என்று எழுத ஆசைதான். காவலுக்கு இருப்பவர் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை. அவரிடம் வாதாடாதீர்கள்.

செக்போஸ்டில் நடந்துகொள்வது எப்படி

இதுதான் துறைமுகம். இங்கிருந்துதான் நிஜமான தீவு ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் வந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு அருவி, அதற்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, 1,000 மீட்டருக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. நினைத்த மாத்திரத்தில் கார் உள்ளே போக முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். நீங்கள் கனவு கண்ட இடம். சைக்கிளைத் தடையின் முன்னால் நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, மரியாதையாகக் கேளுங்கள்.

இரு சக்கர வாகனத்துக்கு மேலே அனுமதி கிடையாது.

மோட்டார் சைக்கிளுக்குத்தானே அது என்று சொல்லிப் பார்ப்பீர்கள். புகை விடாது, சத்தம் போடாது, காட்டுக்கு இதைவிட சாதுவான வண்டி உண்டா என்பீர்கள். காவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உங்கள் சைக்கிளைக் குனிந்து பார்ப்பார். சக்கரம் இரண்டுதான் இருக்கிறது.

கோபப்பட நியாயமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் சிக்கல். வளைவில் நிற்கிற யானைக்கு பஸ் வருவது தூரத்திலேயே கேட்கும், ஒதுங்கும். சைக்கிள் வருவது கேட்காது. நீங்கள் திரும்புவீர்கள், அது திரும்பும். மெக்கினாக்கில் மிரண்டது குதிரை. இங்கே மிரளப்போவது நீங்கள். கரடிகள் மணிமுத்தாறு ஊருக்குள்ளேயே வந்து போகிற காலம் இது.

யானை என்றதும் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கார் இல்லாத இந்தத் தீவுக்கு வண்டியில் வந்து இறங்கிய ஒரே பெரும்புள்ளி அரிக்கொம்பன். கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் அரிசிக்குக் கடையை உடைத்தவன், கம்பம் நகரத் தெருவில் ஓடியவன். 2023 ஜூனில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு செக்போஸ்ட் வழியாகத்தான் மேலே கொண்டுபோனார்கள். கீழே ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று மறியல் செய்தார்கள். மேல் கோதையாறு பக்கம் விட்டார்கள். சில மாதத்தில் நாலுமுக்கு எஸ்டேட் பக்கம் வந்து வாழையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் போனான். இந்த வட்டாரத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இஷ்டத்துக்குச் சுற்றும் உரிமை அவனுக்கு மட்டும்தான்.

ஆக, நிலைமை இப்படி: சைக்கிளை விடுகிற இடத்தில் காரும் வரும், காரைத் தடுக்கிற இடத்தில் சைக்கிளும் போகாது. பிறகு எதுதான் போகும்? அரசு பஸ்.

சுற்றுலாக் கையேடுகள் பஸ்ஸை ஒரு வரியில் தாண்டிவிடும். தாண்ட முடியாத வண்டி அது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் மேலே 8,374 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். வேலைக்கு ஆள் ஏறினார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளினார்கள். அவர்களுக்கு அம்பாசமுத்திரம் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருந்த வழி அந்த பஸ்தான். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பிறகு 17 பேர் தாமிரபரணியில் பிணமாக மிதந்தார்கள். 2024-ல் நிறுவனம் தோட்ட வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை இறங்கச் சொன்னது. குத்தகை 2028-ல் முடிகிறது, காடு காட்டுக்கே திரும்பும். காட்டுக்கு நல்லதுதான். மூன்று நாலு தலைமுறை அங்கே இருந்தவர்களுக்குக் கீழே ஒரு வீடும் வேலையும் என்ன ஆயிற்று என்று கேட்காமல், ‘ஆள் நடமாட்டமே இல்லாத அமைதி’ என்று படத்துக்குக் கீழே எழுதாதீர்கள். நடமாட்டம் இருந்தது. இறக்கிவிட்டார்கள்.

கார் இல்லாமல் ஒரு கூட்டத்தையே நடத்திக்காட்ட முடியும் என்பதற்கும் இதே வட்டாரத்தில் சாட்சி உண்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளைக் காட்டுக்குள் விடுவதில்லை. கீழே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் மேலே போகிறார்கள். சனம் முணுமுணுக்கிறது, பையைத் தலையில் வைத்துக்கொள்கிறது, ஏறுகிறது, சாமி கும்பிட்டு இறங்குகிறது. கார் இல்லாத தீவு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, வீடியோவும் போடவில்லை.

ஆகவே நடைமுறை ஆலோசனை: கார் வேண்டாம். ரயிலில் கல்லிடைக்குறிச்சிக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ வாருங்கள். பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தால் கால்வாய்க் கரை, குளத்தங்கரை, சிங்கம்பட்டி என்று நாள் முழுக்கச் சுற்றுங்கள். செக்போஸ்ட் வந்ததும் பக்கத்து டீக்கடையில் சைக்கிளைப் பூட்டி, “அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு டீயும் குடித்துவிடுங்கள். டீ குடிக்காமல் சைக்கிளை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வது இந்தப் பக்கம் வழக்கமில்லை. மேலே போக அன்றைக்கு அனுமதி இருக்கிறதா, பஸ் இருக்கிறதா என்று செக்போஸ்டிலேயே கேளுங்கள். இருந்தால் பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் சீட்டு உங்களுக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. அரிசி மூட்டையோடு யாராவது ஏறினால் எழுந்து இடம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. கார், பிசானம் என்ற நெற்பருவங்களின் அறுப்பு நாட்களில் இந்த ரோடுகளில் ஒரு பாதி நெல் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள்; காவலுக்கு ஒரு பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நெல்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். எதிரே வண்டி வந்தால் இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள்.